ரீசார்ஜ் செய்த பணம் எங்கே போனது? பயணக் கார்டு வேலை செய்கிற விதம்

ஒரு தடவை பயணக் கார்டில் காசு தீர்ந்துபோய், போகிற வழியிலேயே போனில் ரீசார்ஜ் செய்தேன். வங்கியிலிருந்து பணம் எடுத்ததாக மெசேஜ் வந்துவிட்டது, ஆப்பிலும் பச்சை டிக் விழுந்துவிட்டது. ஸ்டேஷன் கேட்டில் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு. பேலன்ஸ் போதாதாம். மறுபடி வைத்தேன், மறுபடி சிவப்பு. பின்னால் நின்றவர் 'உச்' கொட்டினார். ஓரமாக நின்ற ஊழியர் நான் நீட்டிய போன் ரசீதைப் பார்க்கக்கூட இல்லை; "அந்தச் சுவத்துல இருக்கிற மெஷின்ல ஒரு தடவை வெச்சுட்டு வாங்க" என்றார். வைத்தேன். திரையில் புதுப் பேலன்ஸ் வந்தது. திரும்பி வந்தால் அதே கேட் திறந்தது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான்.

இடைப்பட்ட அந்த ஐந்து நிமிடம் என் பணம் எங்கே இருந்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே பயணக் கார்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி வந்துவிடும். நம்மில் பலர் இதை ஏடிஎம் கார்டு மாதிரி நினைத்துக்கொள்கிறோம். பணம் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது, கார்டு வெறும் அடையாளச் சீட்டு என்று. பெரும்பாலான பயணக் கார்டுகள் அப்படிச் செய்யப்பட்டவை இல்லை. பணம், சரியாகச் சொன்னால் பேலன்ஸ் என்கிற அந்த எண், கார்டுக்குள்ளேயே இருக்கிறது. அது ஒரு சுருக்குப்பை. நீங்கள் ஆன்லைனில் கட்டிய காசு சர்வரில் போய் உட்கார்ந்திருக்கும். அது பைக்குள் விழ வேண்டுமென்றால் யாராவது பையைத் திறந்து போட வேண்டும். சுவரில் இருந்த மெஷின் செய்தது அதைத்தான்.

சரி, எல்லாவற்றையும் சர்வரிலேயே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே, ஏன் பையில் வைத்தார்கள்? நேரம் போதாது என்பதால்தான். காலை நெரிசலில் ஒரு கேட் நிமிடத்துக்கு 60 பேரைக் கடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்குள் கதவு விலக வேண்டும், ஆள் பையோடு நடந்து தாண்ட வேண்டும், கார்டைப் படித்து முடிவெடுக்க மிஞ்சுவது அதில் ஒரு துண்டுதான். டோக்கியோவில் 2001 நவம்பரில் வந்த சூய்கா கார்டுக்கு அந்தத் துண்டு சுமார் 0.2 நொடி. லண்டனில் அரை நொடிக்குள் முடிய வேண்டும் என்பது கணக்கு. இந்த நேரத்துக்குள் நெட்வொர்க்கில் போய், ஒரு சர்வரைத் தட்டி எழுப்பி, பதில் வாங்கி வருவது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்; இன்றைக்கும் எப்போதும் நடக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. பேருந்து பாலத்துக்கு அடியில் போகும்போது சிக்னல் போகும், சுரங்க ஸ்டேஷனில் கேபிள் அறுந்து போகும். அதற்காக ஆயிரம் பேரை வாசலில் நிற்கவைக்க முடியுமா? ஆகவே முடிவு அங்கேயே, கார்டும் கேட்டில் அதைப் படிக்கிற ரீடரும் மட்டும் பேசிக்கொண்டு எடுக்க வேண்டும். மூன்றாவது ஆளைக் கேட்கக்கூடாது என்றால் பணம் கார்டில் இருந்தே ஆக வேண்டும். பயணக் கார்டு நம்மைப் படுத்துகிற பாட்டில் பாதி இந்த ஒரு கட்டாயத்திலிருந்து வருவதுதான்.

இப்போது கார்டைக் கையில் எடுங்கள். இருட்டறையில் போன் டார்ச்சை அதன் பின்னால் வைத்துப் பார்த்தால், பிளாஸ்டிக் கொஞ்சம் மெல்லியதாக இருக்கிற கார்டுகளில், ஓரத்தை ஒட்டி மூன்று நான்கு சுற்றாக ஓடுகிற மெல்லிய கம்பி நிழலாகத் தெரியும். அதன் ஒரு மூலையில் மிளகை விடச் சின்னதாக ஒரு புள்ளி. கம்பி ஆன்டெனா, புள்ளி சிப். அவ்வளவுதான், வேறொன்றும் உள்ளே இல்லை. பேட்டரி கிடையாது. கார்டு வருடக்கணக்கில் பர்ஸில் செத்த மாதிரி கிடக்கும். ரீடருக்குப் பக்கத்தில் போகும்போது மட்டும் உயிர் வரும்.

அந்த உயிர் ரீடரிடமிருந்து வருகிறது. ரீடருக்குள்ளும் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது, அதில் நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் தடவை முன்னும் பின்னும் போய்வருகிற மின்சாரம், அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ், ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் உண்டாகிற காந்தப் புலத்துக்குள் கார்டின் சுருள் வந்ததும் அதிலும் மின்சாரம் தூண்டப்படுகிறது. பள்ளியில் படித்த மின்மாற்றியேதான், நடுவில் இரும்புக்குப் பதில் காற்று. சிப்புக்கு அந்தத் துளி மின்சாரம் போதும்.

கார்டு பதில் சொல்லும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கென்று தனியாக ஒலிபரப்ப சக்தி ஏது? பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்து விளக்கை எரியவிட்டால் பெடல் கனக்கும், எடுத்துவிட்டால் இலகுவாகும். ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் விளக்கு எரிகிறதா இல்லையா என்று காலுக்குத் தெரிந்துவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தால் அதையே ஒரு சங்கேதமாக ஓட்டுகிறவருக்கு அனுப்பலாம். கார்டு செய்வது இதைத்தான். ரீடர் பெடல் மிதிக்கிறது. கார்டு தன் சுமையை ஏற்றி இறக்கி, அந்தக் கனத்தை வைத்தே ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று பேசுகிறது. தூரம் போகப் போக இந்தக் காந்தப் புலம் மளமளவென்று குறைந்துவிடும் என்பதால் பேச்சு சில சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது. எட்டாமல் இருப்பதும் நல்லதே. அடுத்த கேட்டில் நிற்கிறவர் கார்டிலிருந்து உங்கள் கட்டணத்தை எடுத்துவிட்டால் என்ன ஆவது?

இதெல்லாம் தெரிந்துவிட்டால் கார்டைக் கெடுக்கும் வழிகளும் தானாகத் தெரியும். கழுத்துப்பட்டையில் மாட்டக் கார்டின் ஓரத்தில் ஓட்டை போட்டால் அந்தக் கம்பி அறுந்து போகலாம், அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக். பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து வளைத்தாலும், கம்பி சிப்போடு சேருகிற இடம் விட்டுப்போகும். போன் உறைக்குள் கார்டைச் செருகிவைத்தால் போனின் உலோகம் புலத்தைக் குடித்துவிடும். ஆனால் பலர் பயப்படுகிற மாதிரி, காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பேலன்ஸ் அழிந்துபோகாது. அது பழைய காந்தப்பட்டை டிக்கெட்டுகளின் வியாதி. அந்தப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

சரி, டேப் செய்கிறீர்கள், அதாவது கார்டை ரீடரில் வைக்கிறீர்கள். ரீடர் ஓயாமல் "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கார்டு விழித்து "இருக்கிறேன்" என்கிறது. பர்ஸில் இரண்டு கார்டு இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கத்தும். இதைப் பிரிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எண் உண்டு. பரவலாகப் புழங்குகிற வகையில் ரீடர் அந்த எண்ணை ஒவ்வொரு பிட்டாகக் கேட்டுக்கொண்டே போகிறது. எந்த இடத்தில் ஒரு கார்டு ஒன்று என்றும் இன்னொன்று பூஜ்யம் என்றும் சொல்கிறதோ, அங்கே ஒன்றை மட்டும் தொடரச் சொல்லி மற்றதை வாயை மூடச் சொல்லிவிடும். ஆக, எத்தனை கார்டு இருந்தாலும் ரீடரால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதுதான் உங்கள் கையில் இல்லை. அதனால்தான் பல ஊர்களில் "ஒரே ஒரு கார்டை மட்டும் காட்டவும்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, ஒருவரையொருவர் சோதித்துப் பார்க்கும் கட்டம். கார்டு போலியாக இருக்கலாம், ரீடரும் யாரோ திருடன் செய்ததாக இருக்கலாம். இருவரிடமும் ஒரே ரகசியச் சாவி இருக்கிறது, ஆனால் சாவியை வெளியே சொல்லக்கூடாது, ஒட்டுக்கேட்பவர் பிடித்துவிடுவார். எனவே ரீடர் ஏதோ ஓர் எண்ணை வீசி, "இதை உன் சாவியால் பூட்டிக் காட்டு" என்கிறது. கார்டும் தன் பங்குக்கு ஓர் எண்ணை வீசுகிறது. விடைகள் பொருந்தினால் சாவி ஒன்றுதான் என்று தெரிந்துவிடும். அடுத்த தடவை வேறு எண் என்பதால் பழைய விடையைப் பதிவு செய்து வைத்தும் பயனில்லை. ரீடர் தன் சாவியை சாதாரண நினைவகத்தில் வைத்துக்கொள்வதில்லை. உள்ளே சிம் கார்டு அளவில் ஒரு தனிச் சிப் இருக்கும், ரீடரை யாராவது கழற்றிக்கொண்டு போனாலும் அதிலிருந்து சாவியைப் பிடுங்குவது கடினம். எல்லாக் கார்டுக்கும் ஒரே சாவி போடுவதும் இப்போது வழக்கமில்லை. மூலச்சாவி ஒன்று, அதோடு கார்டின் எண்ணைக் கலந்து கார்டுக்குக் கார்டு வேறு சாவி. ஒன்று உடைந்தால் ஒன்றோடு போகும்.

சோதனை முடிந்ததும் ரீடர் பேலன்ஸைப் படிக்கும், நீங்கள் கடைசியாக எங்கே டேப் செய்தீர்கள் என்று பார்க்கும், தன்னிடம் உள்ள கட்டணப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடும், புதுப் பேலன்ஸை எழுதும். இந்த எழுதும் நேரம்தான் கண்டம். எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் கையை இழுத்துவிட்டால் கார்டுக்கு மின்சாரம் நின்றுவிடும். பாதி எழுதிய எண்ணோடு அது செத்துப் போனால், உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று ஆண்டவனுக்கே தெரியாது. இதற்காகவே சில முன்னேற்பாடுகள் உண்டு. 1994-இல் வந்து உலகம் முழுக்கப் பரவிய மைஃபேர் கிளாசிக் என்கிற சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மொத்த நினைவகமே 1024 பைட், இந்தப் பத்தியைக்கூட முழுசாக வைக்க முடியாத இடம். அதிலும் பேலன்ஸை மூன்று தடவை எழுதுவார்கள்: இரண்டு தடவை நேராக, ஒரு தடவை ஒவ்வொரு பிட்டையும் தலைகீழாக்கி. படிக்கும்போது மூன்றும் பொருந்தினால்தான் நம்புவது. அதற்குப் பின் வந்த சிப்புகளில் புது விவரத்தைத் தனி இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லாம் சரி என்று ரீடர் சொன்ன பிறகே பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை ஏற்கும் முறை இருக்கிறது. நடுவில் இழுத்தால் பழைய பேலன்ஸ் அப்படியே இருக்கும், ஒன்றும் நடக்காத மாதிரி. அப்போதுதான் திரையில் "மீண்டும் வைக்கவும்" என்று வரும். அப்படி வந்தால் பக்கத்துக் கேட்டுக்கு ஓடாமல் அதே ரீடரில் மறுபடி வைப்பது நல்லது. பாதியில் நின்ற பேச்சு அதற்குத்தான் ஞாபகம் இருக்கும்.

ஜப்பானில் சூய்காவை உருவாக்கிக்கொண்டிருந்த 1990களில் இந்தச் சிக்கல் அவர்களைப் படாதபாடு படுத்தியது. தொடாமலே வேலை செய்யும் கார்டு என்றதும் சிலர் வீசிக்கொண்டே போனார்கள், சிலர் எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்கள், சிலர் செங்குத்தாகப் பிடித்தார்கள். வடிவமைப்பாளர் யமனகா ஷுன்ஜி ஸ்டேஷனில் மாதிரிக் கேட் வைத்து, பழக்கமில்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் கண்டுபிடித்தது சின்ன விஷயம்: ரீடரின் முகத்தைப் பயணியை நோக்கிச் சுமார் 13.5 டிகிரி சாய்த்து, அதைச் சுற்றி ஒளி வைத்தால் கை தானாக அங்கே போய் ஒரு கணம் நிற்கிறது. அதோடு "தொடவும்" என்றே எழுதிவிட்டார்கள். தொடத் தேவையில்லை, ஆனால் தொடச் சொன்னால்தான் ஆள் அரைக்கணம் நிற்பார். பொறியாளர்கள் சிப்பை எவ்வளவு வேகமாக்கினாலும் கிடைக்காத நேரத்தை ஒரு சாய்வு வாங்கிக் கொடுத்துவிட்டது. அடுத்த முறை கேட்டில் நிற்கும்போது ரீடர் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். தட்டையாகவோ செங்குத்தாகவோ வைத்த இடங்களில் தடுமாறுகிறவர்கள் அதிகம் என்பது என் சொந்தக் கணிப்பு.

பணம் கார்டிலேயே இருக்கிறது என்றதும் யாருக்கும் வருகிற அடுத்த யோசனை: அப்படியானால் அந்த எண்ணை நாமே மாற்றி எழுதினால்? கேட்கலாம்தான். 2007 கடைசியில் பெர்லினில் நடந்த ஒரு ஹேக்கர் மாநாட்டில், மைஃபேர் கிளாசிக் சிப்பை அடுக்கு அடுக்காகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்து அதன் ரகசிய முறையைக் கண்டுகொண்டதாக இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். மறுவருடம் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் முழுசாகவே உடைத்துவிட்டார்கள். கட்டுரையை வெளியிடக் கூடாது என்று சிப் தயாரித்த என்.எக்ஸ்.பி. நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது, 2008 ஜூலையில் நீதிமன்றம் தடை போட மறுத்துவிட்டது. சாவி 48 பிட்தான், இன்றைய அளவுக்கு ரொம்பச் சின்னது. முறை ரகசியமாக இருக்கிறதே, அதுவே காவல் என்று நம்பியிருந்தார்கள். பூட்டின் வடிவத்தை மறைத்து வைப்பது பாதுகாப்பு என்று நினைத்ததன் விலை அது. லண்டன் ஆய்ஸ்டர் உட்படப் பல ஊர்க் கார்டுகள் பிற்பாடு வலுவான, எல்லோரும் சோதித்துப் பார்த்த குறியாக்க முறைகளைக் கொண்ட சிப்புகளுக்கு மாறின.

அதற்காகச் சிப் உடைந்த அன்றைக்கே எல்லாரும் இலவசமாகப் போய்விடவில்லை. காரணம், கணக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது. கார்டில் ஒன்று, நடப்பதையெல்லாம் பின்னால் வந்து எழுதிக்கொள்கிற மையக் கம்ப்யூட்டரில் ஒன்று. கேட்டுகளும் பேருந்து மெஷின்களும் அன்றாட டேப்புகளை மேலே அனுப்பும். ரீசார்ஜே ஆகாத கார்டு ஒன்றில் திடீரென்று பேலன்ஸ் முளைத்திருந்தால் கணக்கு இடிக்கும். அந்தக் கார்டின் எண் தடைப்பட்டியலில் ஏறும், பட்டியல் எல்லா ரீடருக்கும் போகும், அடுத்த டேப்பில் கார்டு முடக்கப்படும். தொலைந்த கார்டை நீங்கள் புகார் செய்யும்போது நடப்பதும் இதுவேதான். கவனியுங்கள், புகார் செய்த நொடியில் கார்டு சாவதில்லை. பட்டியல் ரீடர்களுக்குப் போய்ச் சேர்கிற வரை எடுத்தவர் பயணம் செய்யலாம்.

என் ரீசார்ஜ் கதைக்கும் விடை இப்போது தெரிந்திருக்கும். அதே பாதைதான், தடைப்பட்டியலுக்குப் பதில் "இந்த எண்ணுள்ள கார்டு வந்தால் இவ்வளவு ஏற்று" என்கிற ஏற்றுப்பட்டியல். சில ஊர்களில் எல்லாக் கேட்டுக்கும் அது போகும், சில ஊர்களில் குறிப்பிட்ட மெஷின்களுக்கு மட்டும். பேருந்து மெஷின்களில் இன்னும் மோசம். சிலவற்றுக்கு வண்டி இரவு டிப்போவுக்குத் திரும்பினால்தான் புதுப் பட்டியல் கிடைக்கும். ஆக நீங்கள் காலை பத்து மணிக்குப் போட்ட காசு பேருந்துக்குத் தெரிய மறுநாள் ஆகலாம். ஆப்பில் இதை ஒரு வரியில் எழுதி வைத்திருந்தால் எவ்வளவோ சண்டை மிச்சம். "ரீசார்ஜ் வெற்றி" என்று பச்சை டிக் காட்டுவதற்குப் பதில் "பணம் வந்துவிட்டது, கார்டை ஒரு முறை மெஷினில் வையுங்கள்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கருவிகளைப் பற்றி ரொம்ப நீட்ட வேண்டாம். இந்தத் துறைக்காரர்கள் அடுக்காகப் பிரித்துச் சொல்வார்கள்: கார்டு பூஜ்ய அடுக்கு, கேட், கம்பத்தில் மாட்டிய, கார்டைச் சரிபார்க்கிற வேலிடேட்டர், கண்டக்டர் கை மெஷின், டிக்கெட் மெஷின் எல்லாம் முதல் அடுக்கு, அதற்கு மேல் ஸ்டேஷன் அல்லது டிப்போ கம்ப்யூட்டர், அதற்கும் மேல் நிறுவனத்தின் மையம், உச்சியில் தீர்வு மையம். கடைசியாகச் சொன்னது எதற்கென்றால், ஒரே கார்டில் நீங்கள் ஒரு நிறுவனத்தின் ரயிலிலும் இன்னொன்றின் பேருந்திலும் போனால் அன்றைய காசை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க ஒரு பஞ்சாயத்து வேண்டுமே. கேள்விப்பட்ட வரையில் தொழில்நுட்பத்தை விட இந்தப் பஞ்சாயத்தில்தான் பல திட்டங்கள் வருடக்கணக்கில் இழுக்கின்றன. ஹாங்காங்கில் ரயில், பேருந்து, படகு நிறுவனங்கள் முதலிலேயே ஒன்றாக உட்கார்ந்து பேசியதால்தான் 1997 செப்டம்பரில் ஆக்டோபஸ் கார்டு அங்கே மூன்றிலும் செல்லுபடியாக வர முடிந்தது.

கேட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதன் பக்கச்சுவரில் வரிசையாகச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும், அவை கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் போய்வருகிற கண்கள். எந்தக் கதிர் எந்த வரிசையில் மறைகிறது என்பதை வைத்து, போவது ஆளா, ஆள் இழுத்துவரும் பெட்டியா, ஒட்டிக்கொண்டு பின்னால் நுழையும் இரண்டாவது ஆளா என்று கேட் ஊகிக்கிறது. ஊகம்தான், தவறும். கரண்ட் போனாலோ தீ எச்சரிக்கை வந்தாலோ கதவுகள் திறந்துகொள்ளும்படிதான் பெரும்பாலும் அமைப்பார்கள். அப்போது வெளியேறியவர்களின் கார்டுகளில் "உள்ளே போனார், வெளியே வரவில்லை" என்றே பதிந்திருக்கும், மறுநாள் அவர்கள் கவுன்டரில் வரிசை கட்டுவார்கள்.

இதுதான் டேப்-அவுட், அதாவது வெளியேறும்போதும் கார்டை வைக்கிற சமாசாரம். தூரத்துக்குத் தகுந்த கட்டணம் என்றால் எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் இரண்டும் தெரிய வேண்டும். ஏறும்போது கார்டில் இடமும் நேரமும் எழுதப்படும், இறங்கும்போது அதைப் படித்துக் கணக்கு. இறங்கும்போது வைக்க மறந்தால் கார்டு உங்களை இன்னும் வண்டிக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், பல ஊர்களில் அந்த வழித்தடத்தின் அதிகபட்சக் கட்டணத்தையே எடுத்துவிடுவார்கள். பேருந்தில் கூடுதல் சிக்கல் ஒன்று: வண்டி எந்த நிறுத்தத்தில் நிற்கிறது என்று மெஷினுக்கு ஜிபிஎஸ் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஓட்டுநரோ கண்டக்டரோ பொத்தானை அழுத்தி நகர்த்த வேண்டும். அவர் மறந்தால் நீங்கள் ஏறாத நிறுத்தத்தில் ஏறியதாகக் காசு போகும். கட்டணம் திடீரென்று கூடிவிட்டது என்று தோன்றினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கார்டு வாங்கும்போது பிடித்து வைக்கிற டெபாசிட்டும் வெறும் பிளாஸ்டிக்குக்கு மட்டும் கிடையாது. ஆக்டோபஸ் மாதிரிக் கார்டுகளில் பேலன்ஸ் கொஞ்சம் இருந்தால் போதும், ஒரு தடவை மைனஸில் போக விட்டுவிடும், வீட்டுக்குப் போய்ச் சேரலாம். அந்த மைனஸுக்கு ஈடு உங்கள் டெபாசிட். கார்டைத் தூக்கி எறிந்தாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சுருக்குப்பை முறை. இப்போது பல ஊர்கள் மெல்ல இன்னொரு பக்கம் நகர்கின்றன: பையே வேண்டாம், பணம் மையத்தில் இருக்கட்டும், கார்டு உண்மையிலேயே அடையாளச் சீட்டாக மட்டும் இருக்கட்டும் என்று. லண்டனில் 2012 டிசம்பரில் பேருந்துகளிலும் 2014 செப்டம்பரில் சுரங்க ரயிலிலும் சாதாரண வங்கிக் கார்டையே டேப் செய்யவிட்டார்கள். அரை நொடிக் கெடு மாறவில்லையே, வங்கியைக் கேட்க நேரம் ஏது? கேட்பதில்லை. கேட்டில் பார்ப்பது இரண்டே விஷயம், வங்கிக் கார்டு அசல்தானா என்று சிப்பின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்ப்பது, அது தடைப்பட்டியலில் இல்லையே என்று பார்ப்பது. கதவு திறந்துவிடும். காசு பிறகு. நாள் முழுக்க நீங்கள் டேப் செய்த இடங்களையெல்லாம் மையம் கோத்து, எது எதற்குச் சலுகை, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்கிற உச்சவரம்பு தாண்டியதா என்றெல்லாம் பார்த்து மொத்தமாக ஒரே தொகையை வங்கியிடம் கேட்கும். கணக்கில் பணமே இல்லாத கார்டு என்றால்? முதல் பயணம் போனது போனதுதான். அந்தச் சின்ன நஷ்டத்தை ஏற்றுக்கொண்டுதான் கதவைத் திறக்கிறார்கள். பாக்கியைக் கட்டும்வரை கார்டு பட்டியலில் இருக்கும்.

இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று. வங்கிக் கார்டை டேப் செய்து உள்ளே போய்விட்டு, அதே கார்டைப் போட்டு வைத்திருக்கிற போனை வெளியேறும்போது காட்டுவார்கள். ஒரே கணக்குத்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் பாதுகாப்புக்காகப் போனுக்குள் கார்டின் நிஜ எண்ணுக்குப் பதில் வேறோர் எண் இருக்கும். மையத்துக்கு அது வேறு ஆள். ஒருவர் உள்ளே போய் வெளியே வரவில்லை, இன்னொருவர் உள்ளே போகாமலே வெளியே வந்தார். இரண்டு பேருக்கும் அதிகபட்சக் கட்டணம். காலையில் எதைக் காட்டினீர்களோ இரவு வரை அதையே காட்டுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒட்டுப்போட்ட வகையும் உண்டு. 2019-இல் இந்தியாவில் அறிமுகமான என்.சி.எம்.சி. கார்டு வங்கிக் கார்டுதான், ஆனால் சிப்புக்குள் தனியாக ஒரு பேலன்ஸை வைத்துக்கொள்ளும், கேட்டில் அதிலிருந்து கழியும். அதாவது வங்கிக் கார்டுக்குள் தைத்து வைத்த சுருக்குப்பை. எனவே வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதே, கேட் ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் அதே பழைய பதில்தான்: அந்தப் பணத்தைப் பைக்குள் யாரும் போடவில்லை.

போனில் பயணக் கார்டு என்பது புதுசாக ஒன்றுமில்லை, கார்டில் இருந்த சிப்பின் வேலையைப் போனுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப் செய்கிறது, ரீடருக்கு வித்தியாசமே தெரியாது. சில போன்களில் சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகும் சில மணி நேரம் டேப் வேலை செய்யும். அதற்கென்று கொஞ்சம் சார்ஜை ஒதுக்கி வைத்திருப்பார்கள். க்யூ.ஆர். டிக்கெட் மட்டும் வேறு ஜாதி. மலிவு, கார்டே வேண்டாம், ஆனால் திரை வெளிச்சம் குறைவாக இருந்தாலோ கண்ணாடி கீறியிருந்தாலோ கேமரா தடுமாறும், ஆப்பைத் திறந்து தேடுகிறவர் பின்னால் வரிசை நீளும்.

கார்டு உங்களைப் பற்றி என்ன ஞாபகம் வைத்திருக்கிறது என்றும் கேட்கலாம். பெயர் பதியாத கார்டாக இருந்தாலும் கடைசிச் சில பயணங்களின் குறிப்பு அதன் உள்ளேயே இருக்கும். சூய்காவில் 20 வரை. இந்த மாதிரிக் கார்டுகளோடு பேசுகிற என்.எஃப்.சி. வசதி உள்ள போனில் ஓர் ஆப்பை வைத்து அதைப் படித்துவிடலாம், மேசையில் மறந்து வைத்த உங்கள் கார்டை வீட்டில் யாரும் படிக்கலாம் என்று அர்த்தம். மையத்தில் இருப்பது இதைவிட நீளமான பட்டியல். பெயரைப் பதிந்தால் தொலைந்த கார்டின் பேலன்ஸ் திரும்பக் கிடைக்கும், பதியாவிட்டால் எங்கே போனீர்கள் என்பது ஒரு எண்ணோடு நின்றுவிடும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. நான் பதிந்துதான் வைத்திருக்கிறேன், என் ஞாபகமறதி அப்படி.

கடைசியாக, கார்டு ஒரு நாள் செத்துப் போகும். எந்த ரீடரில் வைத்தாலும் சத்தமே வராது, சிவப்புகூட வராது. கவுன்டருக்குப் போனால் முதுகில் அச்சடித்த எண்ணைப் பார்த்து டைப் செய்துவிட்டு, "பேலன்ஸ் புதுக் கார்டுக்கு மாற சில நாள் ஆகும்" என்பார்கள். எதிரிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, திரையில் தொகையும் தெரிகிறது, இப்போதே போட்டால் என்ன என்று கோபம் வரும். ஆனால் திரையில் தெரிவது மையத்தின் கணக்கு. சாவதற்கு முந்தைய நாள் நீங்கள் ஏறிய ஏதோ ஒரு பேருந்தின் மெஷின் இன்னும் தன் கணக்கை மேலே அனுப்பாமல் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கலாம். பையைத் திறந்து பார்க்க வழியில்லாத நிலையில், அந்தக் கடைசி வண்டியும் டிப்போவுக்குத் திரும்பிக் கணக்கை ஒப்படைக்கிற வரை உள்ளே எவ்வளவு இருந்தது என்று அவர்களுக்கும் தெரியாது.